கண்ணாடி வீட்டில் ஒரு தேயிலைச் செடி

பசறை பஸ்ஸில் ஏறினாலே தலைசுற்றும் என் மனைவியோடு நான்கு மாதம் உலகம் சுற்றினேன். எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் ஏற்பாடு. பெரிய கோபுரம், பெரிய பாலம், பெரிய அருவி எதைக் காட்டினாலும் அவள் கொட்டாவிதான் விட்டாள்.

ஐரோப்பாவில் ஒரு பூங்காவின் கண்ணாடி வீட்டுக்குள், பெரிய தொட்டியில் ஒரு தேயிலைச் செடி நின்றது. கவ்வாத்து வெட்டாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். மடுல்சீமைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள் கயிற்றைத் தாண்டிவிட்டாள். இரண்டு கையாலும் பறித்து, முதுகில் கூடை இருக்கும் நினைப்பில், தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினாள். எல்லாம், ஓடிவந்த காவலாளியின் தொப்பியில் விழுந்தது.

நான் அவளைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையின் வாய் சும்மா இருக்குமா? அந்தக் காலத்தில் மலையில் அவளை வேலை வாங்கிய அதே குரலில், "ஏய், முத்தல ஏன் புடுங்குற? கொழுந்த மட்டும் எடு!" என்று கத்தினேன்.

இருவரையும் வாசல்வரை கூட்டிப்போய் வெளியே விட்டார்கள்.

ஊர் திரும்பியதும் தோட்டத்து லய வீடுகளின் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, ஒலகம் எப்புடி இருக்கு?"

"ஒரே ஒரு தேயிலைச் செடி வச்சிருக்கானுங்க," என்றாள். "அதுக்கும் கவ்வாத்து வெட்டத் தெரியல."