ஆர்டர் இல்லாத சாம்பிள்

ஒரு காருக்கு எஞ்சின் எங்கே இருக்க வேண்டும் என்பது பற்றி, கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் வரை அன்புசெல்விக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. முன்னால் இருக்கும், மூடியைத் திறந்தால் தெரியும், அவ்வளவுதான். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்: சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால், வண்டியின் நடுவில். அப்போதுதான் பாரம் மையத்தில் நிற்கும், வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். இதையெல்லாம் அவள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. சோறு போடும்போதும், துணி மடிக்கும்போதும், வாயில் பிரஷ்ஷோடு நிற்கும்போதும் கணவன் சுரேந்தர் பின்னாலேயே வந்து சொன்னது காதில் தங்கிவிட்டது.

அவள் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. ஒரு பனியன் ஆர்டர் ஆவதற்குள் எத்தனை சாம்பிள்! கழுத்தை அரை இன்ச் இறக்கு என்று ஒரு மெயில் வரும், இறக்கி அனுப்பினால் எதற்கு இறக்கினாய் என்று அடுத்த மெயில் வரும். வானத்து நீலம் வேண்டும் என்பார்கள், எந்த ஊர் வானம் என்று சொல்ல மாட்டார்கள். இத்தனையையும் சகித்துக்கொண்டு பல்லடம் ரோட்டு வீட்டுக்கு வந்தால், பின்னால் இருக்கும் தகரச் செட்டில் இன்னொரு சாம்பிள் நான்கு சக்கரத்தோடு நிற்கும்.

சுரேந்தரின் தொழில் கட்டிங் டேபிள், செக்கிங் டேபிள் எல்லாம் வெல்டிங் செய்து பனியன் கம்பெனிகளுக்குக் கொடுப்பது. நல்ல பேர், நல்ல வேலை. அதோடு நிற்கக் கூடாதா? செட்டில் ஒரு கான்செப்ட் கார் செய்யக் கிளம்பிவிட்டான். கான்செப்ட் கார் என்றால் என்ன என்று ஆரம்பத்தில் ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டாள். விற்பதற்கில்லை, ரோட்டில் ஓட்ட அனுமதியும் கிடையாது, இப்படியும் ஒன்று செய்ய முடியும் என்று காட்டுவதற்கு மட்டும் என்று விளக்கினான்.

“அப்படீன்னா ஆர்டர் இல்லாத சாம்பிளுங்க” என்றாள்.

அதேதான், எத்தனை அழகாகச் சொல்லிவிட்டாய் என்று அவன் பூரித்துப் போனான். அவள் பாராட்டாகச் சொல்லவில்லை.

குண்டடத்துக்குப் பக்கத்தில் புளியமரத்தில் மோதி நசுங்கிய ஒரு சின்னக் காரின் எஞ்சினும் கியர்பாக்ஸும் வந்து சேர்ந்தன. முன்சக்கரத்தை ஓட்டிக்கொண்டிருந்த அந்த ஜோடியை மெக்கானிக் இலியாஸ் அப்படியே தூக்கிச் சீட்டுக்குப் பின்னால் வைத்து, பின்சக்கரத்தை ஓட்டவைத்தான். ரேடியேட்டரோ முன்னால். இரண்டுக்கும் நடுவில் கொதிக்கிற தண்ணீர் சீட்டுக்கு அடியில் போய்வந்தது. உடம்புப் பகுதிக்குக் கட்டிங் டேபிளில் விரிக்கும் பேப்பரில் பேட்டர்ன் வெட்டி, தெர்மாகோலைச் செதுக்கி, அதன்மேல் ஃபைபர் ஒட்டினார்கள். தேய்த்த ஃபைபர் தூள் சுரேந்தரின் சட்டையில் ஏறி, சட்டையிலிருந்து வாஷிங் மெஷினுக்குப் போய், அங்கிருந்து அவள் புடவைக்கு வந்தது. மீட்டிங்கில் பையர் முன்னால் உட்கார்ந்து முதுகைச் சொறிய முடியாமல் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். போதாததற்கு, பெயின்ட் நிறம் தேர்ந்தெடுக்க அவள் கம்பெனியில் சாயம் போட்ட துணித் துண்டுகளைக் கேட்டான். கொண்டுவந்ததையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்றான். வீட்டுக்குள்ளேயே ஒரு பையர்.

மாமனார் ஆத்தப்பன் சாயங்காலம் ஒருநடை செட்டுக்கு வருவார். காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்ப்பார். உள்ளே ஒன்றும் இருக்காது. மூடிவிட்டு மருமகளிடம், “எஞ்சின் இன்னும் வாங்கலியா கண்ணு?” என்பார். பின்னால் இருக்கிறதென்று எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் முன்மூடியைத்தான் தூக்குவார். செட் நிற்கிற இடம் அவருடையது. மூத்த மகனின் பனியன் கம்பெனிக்கு நூல் வைக்க குடோன் தேவைப்பட்டது. கடைசியில் ஒரு கெடு வைத்தார். தை மாசம் கோயமுத்தூரில் நடக்கிற வண்டிக் கண்காட்சியில் இந்தக் கார் யாரும் தள்ளாமல் தானாக ஓடி உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் செட் நூலுக்கு, சுரேந்தர் தன் அண்ணன் கம்பெனி வேலைக்கு.

அதுதான் அன்புசெல்வியைத் தூங்கவிடவில்லை. கல்யாணமான புதிதில் சுரேந்தர் அங்கேதான் வேலை பார்த்தான். சாயங்காலம் வந்து டிவி முன்னால் உட்காருவான். எதைக் கேட்டாலும் “ம்” என்பான். சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்றால் ம். ஊருக்குப் போய்வரட்டுமா என்றால் ம். அந்த மனிதனோடு மறுபடியும் குடித்தனம் நடத்த அவளால் முடியாது. அதற்கு ஃபைபர் அரிப்பே தேவலை.

ஆனாலும் பொறுமைக்கு எல்லை இல்லையா? சீட் வைக்கிற கட்டத்தில் அவளைக் கூப்பிட்டு இரும்புச் சட்டத்துக்குள் பலகையில் உட்காரவைத்தான். கையை நீட்டு, காலை மடக்கு, கொஞ்சம் சாய் என்று ஒரு வாரம் படுத்தினான். கால் மரத்துப்போய் எழுந்தவள், மறுநாள் கம்பெனியில் கழித்துப்போட்ட ஃபிட் டம்மியைக் கேட்டு வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். தைத்த துணியை மாட்டி அளவு சரியா என்று பார்க்கிற பொம்மை அது. தலையும் கிடையாது, கையும் கிடையாது, தொடையோடு நின்றுவிடும். பெண்களுக்கான சைஸில் ஆகச் சின்னது.

“இது பேசாது, மூஞ்சியத் தூக்காது, எந்நேரமும் உக்காந்திருக்கும். வெச்சுக்கங்க” என்றாள்.

சுரேந்தருக்குத் தலைகால் புரியவில்லை. டம்மிக்குத் தலையாக ஓர் எவர்சில்வர் சொம்பைக் கவிழ்த்தான். கால்களுக்கு இரண்டு பிவிசி பைப். ஸ்டியரிங், கூரை, சீட்டுக்குப் பின்னால் எஞ்சினை மறைக்கும் சுவர் எல்லாம் அதைச் சுற்றியே வளர்ந்தன. அது சின்ன சைஸ் பெண் டம்மி என்பது சுரேந்தருக்கோ இலியாஸுக்கோ, ஏன், அன்புசெல்விக்கோகூட உறைக்கவில்லை. டம்மிக்குப் பொருந்தினால் யாருக்கும் பொருந்தும் என்று நம்பித்தான் இந்த ஊரே பிழைக்கிறது.

கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம் ஃபைபர் உடம்பைச் சட்டத்தின்மேல் இறக்கி போல்ட் முடுக்கினார்கள். நிஜமாகவே அழகாக இருந்தது, அதை அன்புசெல்வியே ஒத்துக்கொண்டாள். சுரேந்தர் டம்மியை வெளியே தூக்கி வைத்துவிட்டு உள்ளே ஏறினான். கால்முட்டி ஸ்டியரிங்கில் முட்டியது. தலை கூரையில் இடித்தது. கழுத்தை மடக்கினால் கதவு மூடவில்லை, கதவை மூடினால் கழுத்து வெளியே நின்றது. சீட்டைப் பின்னால் தள்ளலாம் என்றால் பின்னால் எஞ்சின். இலியாஸ் முயன்றான். அவனுக்கு வயிறே உள்ளே போகவில்லை. மாற்றி மாற்றி ஏறி இறங்கிவிட்டு இருவரும் டம்மியைப் பார்த்தார்கள். கவிழ்த்த சொம்போடு அது சுவரோரம் சாய்ந்திருந்தது.

கூரையை அறுத்து உயர்த்தலாம், ஆனால் ஒட்டினது காய்வதற்குள் கண்காட்சியே முடிந்துவிடும் என்றான் இலியாஸ். காலையில் ஏற்றிப்போக லாரி வந்துவிடும். கதவு மூடாத வண்டியை உள்ளே விட மாட்டார்கள். இரண்டு வருஷம் ஊரைக் கூட்டிச் செய்த காருக்குள் ஆள் உட்கார இடம் வைக்கவில்லை! அன்புசெல்விக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சொம்பை எடுத்து யார் தலையிலாவது போடலாம் போலிருந்தது. சுரேந்தர் கைகழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அப்பனிடம் சொல்லிவிடுகிறேன் என்றான்.

“டீ போடட்டுங்களா?” என்று கேட்டாள்.

“ம்” என்றான்.

அவ்வளவுதான். அவள் செருப்பைக் கழற்றி எறிந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். கால் பெடலில் சரியாக விழுந்தது. தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை இடம் இருந்தது. கதவை இழுத்ததும் க்ளிக் என்று மூடிக்கொண்டது. கம்பெனிக்குத் தினமும் கார் ஓட்டிப் போகிறவள்தான் என்பது அப்போதுதான் அந்த இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

“சாவியக் குடுங்க. நாளைக்கு நானே ஓட்டறேன்” என்றாள்.

ஷிப்மென்ட் நாளில் லீவு கேட்டதற்கு மேனேஜர் கத்தினார். கத்தட்டும் என்று போனை வைத்தாள்.

மறுநாள் லாரியிலிருந்து இறக்கிய காரை அவள் ஸ்டார்ட் செய்தபோது காதுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியது. சீட்டுக்கு அடியில் இட்லிப் பானை வெந்துகொண்டிருந்த மாதிரி சூடு. சுரேந்தர் பக்கவாட்டில் ஓடிவந்து கிளட்ச், கிளட்ச் என்று கத்தியதற்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். உள்ளே ஏறும் சரிவில் ஒருமுறை திணறியது. கிளட்சை விட்டுப் பிடித்து ஏற்றினாள். கார் யாரும் தள்ளாமல் ஏறி, ஒரு வளைவு திரும்பி, அதன் இடத்தில் போய் நின்றது. வளைவில் சொன்ன பேச்சைக் கேட்டது உண்மைதான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கார்மேல் இருந்த எரிச்சலும் போகவில்லை.

சந்தன மாலையோடு வந்த ஆத்தப்பன் வழக்கம்போல முன்மூடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, சுற்றிப் பின்னால் போய், எஞ்சின் இருக்கும் இடத்தில் மாலையைப் போட்டார்.

“செட்டுல நூலு அடுக்க வேண்டாங் கண்ணு. வேற எடம் பாத்துக்கலாம்” என்றார்.

கார் வீடு திரும்பிய மறுநாள் காலை, கம்பெனிக்குக் கிளம்பிய அன்புசெல்வி செட்டில் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தாள். சுரேந்தர் சாக்பீஸால் கூரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அறுக்கிற மெஷின். இதைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் தானும் ஓட்டலாம் என்று உற்சாகமாக ஆரம்பித்தான்.

அவள் கைப்பையைத் திறந்தாள். பையர் ஒத்துக்கொண்ட சாம்பிளில் கட்டுகிற அட்டை ஒன்று எப்போதும் அதில் கிடக்கும். அதில் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, ஸ்டியரிங்கில் இறுக்கிக் கட்டினாள்.

“அப்ரூவ் ஆன சாம்பிள்ல ஒரு தையலக்கூட மாத்தக் கூடாதுங்க.”

“அப்ப நான் எதை ஓட்டறது?”

“உங்க அளவுக்கு வேறொண்ணு செய்யுங்க. செட்டுதான் இருக்குதுல்ல.”

சுரேந்தர் சாக்பீஸைக் கீழே வைத்தான். “இது ஆர்டரா செல்வி?” என்றான்.

“ஆர்டர்தானுங்க. இந்தவாட்டி ஆளை உக்கார வெச்சு அளவெடுங்க” என்றாள். செட்டில் நின்ற காரின் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். கழுத்தை அரை இன்ச் ஏற்றச் சொல்லி அங்கே மெயில் வந்திருந்தது.