எக்ஸ்பார்ட்டி சேஷன்

“குற்றச்சாட்டு: 2023 நவம்பர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, நீதிமன்ற அறைக்குள் நின்றுகொண்டிருந்தவனை இல்லாதவன் என்று எழுதியது.” தினமும் காலையில் காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும், கோர்ட்டின் மேல் தானே எழுதிய இதை சேஷன் உரக்கப் படிப்பார். கரமனைத் தெருவில் பால் ஊற்றுகிறவருக்குக்கூட மனப்பாடம். முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே ‘எக்ஸ்பார்ட்டி சேஷன்’.

குடியிருக்கும் வீடு முழுவதும் தனக்கே என்று சித்தப்பா மகன் சுமந்த் போட்ட வழக்கு அது. “நான் வர்ற வரைக்கும் சாமி வாயைத் திறந்து ஒண்ணும் மிண்டக் கூடாது, கேட்டோ” என்றிருந்தார் வக்கீல் பினு. அவரோ வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சேஷன் கைகட்டி, வாய்மூடி நின்றார். அவர் வரவில்லை என்று எழுதி, சுமந்த் தரப்பை மட்டும் கேட்டு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிட்டது.

“ஏன்னா, ‘இருக்கேன்’னு ஒரு வார்த்தை சொல்லப்டாதோ?” என்றாள் மனைவி பாகீரதி.

“வக்கீல் பேச்சை மீறினா கேஸே போயிடுமாக்கும்னு நெனச்சேன்டீ.”

சாலைக் கடைத்தெருவில் பழைய சட்ட அகராதி ஒன்றை வாங்கினார். எக்ஸ்பார்ட்டி லத்தீன் சொல். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் என்று பொருள். அதே அகராதியில் ‘ஆடி ஆல்டெரம் பார்டெம்’ என்றும் இருந்தது: மறுபக்கத்தையும் கேள். அதை அட்டையில் எழுதி வழக்குக் கோப்பின் முதல் தாளாக வைத்தார். கோர்ட்டுக்குப் போன அன்றைய பஸ் டிக்கெட்டும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

பினு அட்டையைப் பார்த்துச் சிரித்தார். “அதெல்லாம் புஸ்தகத்தில் இருந்தோட்டே, சாமி. தீர்ப்பை மாத்தணும்னா, அன்னிக்குக் காய்ச்சல், வர முடியலைன்னு ஒரு டாக்டர் சர்டிபிக்கேட் வச்சா மதி, அது போதும். எல்லாரும் அதுதானே வைக்கும்.”

“வந்தவன் வரலைன்னு எப்படி ஓய் சத்தியம் பண்றது?”

வந்தேன், வாய்மூடி நின்றேன் என்றே எழுதிக் கையெழுத்திட்டார். வராததற்குப் போதிய காரணம் காட்டவில்லை என்று மனு தள்ளுபடியானது. மேல்முறையீடும் அவ்வண்ணமே. அதன்பின் அவர் அகராதியைத் திறக்கவில்லை.

நேற்றுக் காலை, வீட்டை ஒப்படைக்கச் சொல்லி கோர்ட் ஆமீன் ஷாஜி உத்தரவோடு வந்தார். பாகீரதி உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். சேஷன் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, உத்தரவை வரிவரியாகப் படித்தார்.

“ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இப்போ நான் இங்கே உம்ம எதிர்ல நிக்கறேனா, இல்லையா?”

“இதென்ன சோத்யம், சாமி? நிக்கிறீங்கல்லோ.”

“வாயால வேண்டாம்.” சேஷன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். “எழுதித் தாரும்.”