கதவைத் தட்டியவருக்கு ஒரு கதிரை

கதவைத் தட்டுகிறவர் அரசாங்க ஆளாக இருந்தால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அவரிடம் உள்ளபடி சொல்ல வேண்டுமா, சொல்லக் கூடாதா? மூன்று வயதாகப் போகும் என் மகளுக்கு இதில் எதைப் பழக்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க ஒருநாள் ஒன்று சரியாகப் படுகிறது, மறுநாள் மற்றது.

நாங்கள் இத்தாலியில், பலேர்மோ நகரின் சீசா என்ற பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். காலையில் நான் பொலிதேயாமா அரங்கின் பக்கம் ஒரு சின்னோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டுக்குத் துப்புரவு வேலைக்குப் போய்விடுவேன். மகளை எதிர்க்கதவு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவேன். அக்கா இந்தியாவின் வடக்கே, இமயமலைக்குள் இருக்கும் ஒரு மாவட்டத்துக்காரி. அவருடைய கணவர் துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் உணவகத்தில் சமையற்காரர். அவர்கள் மலை ஆண்களில் பலபேர் உலகத்தின் எங்கோ ஒரு குசினியில்தான் நிற்பார்களாம். அக்காவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓர் உடைந்த இத்தாலியன். அது என் மனதில் எங்கள் தமிழாகவே பதிந்திருப்பதால் அப்படியே எழுதுகிறேன். என்னை அவர் 'பூலி' என்று கூப்பிடுவார். அவர்கள் மலையில் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

வேலை முடிந்து மகளைக் கூட்ட வரும்போது அக்கா என்னை உடனே விடமாட்டார். தேத்தண்ணி தந்து தன் மலையைப் பற்றிக் கதைப்பார். ஒருநாள், "எங்கடை மலைக் கிராமங்களிலை பொலிஸ் இல்லை" என்றார்.

"பொலிஸ் இல்லாத ஊரோ? அப்ப களவெடுத்தால் ஆர் பிடிக்கிறது?"

"பட்வாரிதான். காணி அளக்கிறதும் அவன்தான், வரி எடுக்கிறதும் அவன்தான், கள்ளனைப் பிடிக்கிறதும் அவன்தான். கையிலை துவக்கில்லை. ஒரு பேனைதான்."

கிராமத்துப் பதிவுகளைப் பார்க்கும் எங்கள் ஊர் விதானையாரைப் போன்றவர் என்று நான் விளங்கிக்கொண்டேன். ஆனால் விதானையார் யாரையும் விலங்கு போட்டுக் கொண்டுபோகமாட்டார். பட்வாரி கொண்டுபோவாராம். அதுவும் மலைப்பாதையில் நாள் முழுக்க நடத்தி. வழியில் இருவரும் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம்.

"கள்ளனும் பொலிசும் ஒண்டாயோ?"

"வேறை என்ன செய்யிறது, பூலி? விறகு பொறுக்கக் கள்ளன் வேணுமெல்லோ."

நான் சிரித்தேன். ஆனால் அக்கா அதைச் சொர்க்கமாகச் சொல்லவில்லை. பட்வாரி எந்த வீட்டில் நெய் ஊற்றிச் சாப்பிடுகிறாரோ அந்த வீட்டின் பக்கம் நியாயமும் கொஞ்சம் சாயும். காட்டில் புல் வெட்டப் போகும் பெண்களின் அரிவாளைக் காட்டுக் காவலர் பறித்து வைத்துக்கொள்வார். அதைத் திருப்பி வாங்க ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போய் அவர் வீட்டு முற்றத்தில் குந்தியிருப்பார்கள். மாவட்டத்துக்குப் பெரியவரான கலெக்டர் கீழே பட்டணத்தில் இருப்பார். ஊர்களுக்கு ஜீப் போகிற இடம் வரைதான் வருவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ஒரு முறை உண்டு. அரசாங்க ஆள் வாசலுக்கு வந்தால் முதலில் ஒரு கதிரை கொண்டுவந்து போட வேண்டும். தேத்தண்ணி கொடுக்க வேண்டும். அவர் கேட்க முன்னரே வீட்டில் உள்ளவர்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தால் அயல்வீடு அவர்களுக்காக முன்வந்து சொல்ல வேண்டும்.

இதை அப்போது கதையாகத்தான் கேட்டேன். கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

நான் பழகி வந்த முறை வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, இத்தாலிக்கு வருவதற்கு முன் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தேன். விடியற்காலையில் பொலிசார் வந்து தட்டுவார்கள். பதிந்த ஆட்கள் எத்தனை, இருக்கிற ஆட்கள் எத்தனை என்று எண்ணுவார்கள். பதியாத ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கப் பழகினேன். சீசாவின் படிகளில் பாரமான சப்பாத்துச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை தானாக மகளின் வாயைப் பொத்தப் போகிறது.

போன வருடம் என் கணவரின் தம்பி எங்களோடு வந்து இருந்தார். பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, அவருக்கு இல்லை. பிடித்தால் இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அவருடைய வயதுப் பொடியனுக்கு என்ன நடக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அதே வருடம்தான் மகளை நகரசபையின் பிள்ளைகள் காப்பகத்தில் சேர்க்க முயன்றோம். அதற்கு வதிவிடப் பதிவு வேண்டும். பதிவுக்கு விண்ணப்பித்தால் நகரசபைக் காவலர் ஒருவர் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, நாங்கள் உண்மையிலேயே அங்கே இருக்கிறோமா என்று பார்ப்பார். ஆளில்லை என்று அவர் எழுதிக்கொண்டு போனால் பதிவு கிடைக்காமலும் போகலாம்.

விண்ணப்பிப்பதற்கு நான் பயந்தேன். "தம்பி இருக்கேக்கை எதுக்கு வீட்டுக்கு ஆளைக் கூப்பிடுவான்?" என்று இவரிடம் கேட்டேன்.

"பிள்ளை எவ்வளவு நாளைக்கு எதிர்வீட்டிலை கிடக்கிறது? தம்பி கதவைத் திறக்காமல் இருந்தால் சரி."

தம்பியிடமும் சொன்னோம். யார் தட்டினாலும் திறக்க வேண்டாம். அக்காவுக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. தம்பியை ஒளித்து வைத்திருக்கிறோம் என்பது இந்தக் கட்டடத்தில் யாருக்கும் சொல்லாமலே விளங்கும் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் வேலையால் வந்தபோது தம்பி எங்கள் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"வந்தவங்கள், அண்ணி."

"கதவைத் திறந்தனீரோ?"

"இல்லை. தட்டினது கேட்டது. நான் மூச்சும் விடேல்லை. அந்தாள் படி இறங்கப்போற நேரம் பாத்து எதிர்வீட்டு அக்கா வெளியிலை வந்து, 'நில்லுங்கோ, உள்ளுக்கை ஆள் இருக்கு' எண்டு சொல்லி என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுறா. கதவையும் தட்டுறா."

"பிறகு?"

"பிறகென்ன. போய் இருந்து தேத்தண்ணி குடிச்சன். அந்தாளுக்குப் பக்கத்திலை. சீனி காணுமோ எண்டு வேறை கேக்கிறா."

வந்தவர் படியேறிக் களைத்துப்போன ஒரு தடித்த மனிதராம். மகளின் கன்னத்தைத் தட்டினாராம். அக்கா ஒவ்வொருவராகச் சொன்னாராம்: தகப்பன், தாய், இந்தப் பிள்ளை, தகப்பனின் தம்பி. இவருக்கும் பதிவு இருக்கிறதா என்று அந்த மனிதர் கேட்க, "இவர் இப்பதான் வந்தவர், கடுதாசி இன்னும் வரேல்லை" என்று அதையும் சொல்லிவிட்டாராம். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இவர் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொம்பிளை பாக்கப் போனவன் மாதிரி இருந்து குடிச்சிட்டு வந்திருக்கிறாய்" என்று தம்பியைப் பேசினார். பிறகு தம்பியின் பையைத் தானே அடுக்கத் தொடங்கினார்.

நான் எதிர்க்கதவுக்குப் போனேன். அக்கா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகளும் ஒரு காயை வைத்து முறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏன் சொன்னனீங்கள்?"

"என்னத்தை?"

"தம்பி இருக்கிறதை."

"இருக்கிற ஆளை இல்லையெண்டு சொல்லுறதோ?" அவருக்கு நான் கேட்பது உண்மையாகவே விளங்கவில்லை. "அந்தாள் உன்ரை கதவிலை ஆளில்லை எண்டு எழுதிக்கொண்டு போகப் பாத்தான், பூலி. நான் மறிச்சன்."

பிறகுதான் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது தகப்பன் செத்துப்போனார். வயலை யார் பெயரில் எழுதுவது என்று பார்க்கப் பட்வாரி வந்தார். வீட்டில் ஆண் இல்லை. வெளியாள் வருகிறார் என்ற பயத்தில் தாய் பெண்பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டிவிட்டார். பட்வாரி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டில் சித்தப்பாவின் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, இங்கே ஆளில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வயல் சித்தப்பாவுக்குப் போனது. தாய் கீழே பட்டணத்துக்கு இறங்கிப்போய்க் கலெக்டரின் வாசலில் காத்திருந்தார். ஒரு கலெக்டர் பார்க்கிறேன் என்றார். அடுத்த முறை போனபோது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார்.

"பெரிய ஆள் மாறிக்கொண்டே இருப்பார், பூலி. பட்வாரி எழுதினது மாறாது. அம்மா கதவைத் திறந்திருந்தால் எங்கடை வயல் எங்களிட்டை இருந்திருக்கும்."

நான் கோபத்தோடுதான் போனேன். ஆனாலும் சொன்னேன்: "எங்கடை நாட்டிலை சொன்னால்தான் ஆளைக் கொண்டு போவினம், அக்கா."

அவர் காயைக் கீழே வைத்தார். "எங்கடை மலையிலை சொல்லாட்டித்தான் கொண்டு போவினம். ஊருக்கே தெரிஞ்ச ஆளை ஆர் தொடுவினம்?"

கொழும்பில் பெயர் சொன்னதால் போன பொடியனையும் எனக்குத் தெரியும். யாருக்கும் தெரியாமல் இருந்ததால், போனதைக்கூடச் சொல்ல ஆளில்லாமல் போன இன்னொருவனையும் தெரியும்.

தம்பி மறுநாளே நேப்பிள்ஸ் கப்பலில் ஏறிவிட்டார். நான் துறைமுகத்துக்குப் போகவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே நின்றால் யாராவது பார்ப்பார்கள் என்று பயம். அக்கா அவருக்குக் கட்டிக் கொடுத்த ரொட்டியை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பிப் போய்க் கதவுப் பூட்டைப் பார்ப்பேன். வேலையில் கண்ணாடி துடைக்கும்போது கீழே சீருடை தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகிவிடுவேன். நகரசபையிலிருந்து அந்த மனிதர் திரும்பி வந்தார். கட்டில்களைப் பார்த்தார். அந்தப் பொடியன் எங்கே என்று கேட்டார். விருந்தாளி, போய்விட்டார் என்று இவர் சொன்னார். அவர் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, எதிர்க்கதவைக் காட்டி, "அந்தத் தேநீர் நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பதிவு கிடைத்தது. மகளுக்குக் காப்பகத்தில் இடமும் கிடைத்தது.

தம்பி இருந்திருந்தால் அவர் பிடித்திருப்பாரா, பேசாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருப்பாரா? இதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அக்கா சொல்லியிராவிட்டால் மகளுக்கு இடம் கிடைத்திருக்காது. சொன்னதால் தம்பி எங்களோடு இல்லை. ஞாயிறுகளில் தொலைபேசி எடுப்பார். எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டால் சொல்லமாட்டார்.

"சொன்னால் நீங்கள் ஆருக்காவது தேத்தண்ணி குடுத்துப்போடுவியள், அண்ணி."

பகிடிதான். ஆனால் விலாசத்தை மட்டும் தருவதில்லை.

மகள் அடுத்த கிழமை காப்பகத்துக்குப் போகிறாள். அங்கே வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள். இப்போதெல்லாம் யாராவது கதவைத் தட்டினால் அவள் தன் சின்னக் கதிரையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். அக்கா பழக்கியது. நான் ஓடிப்போய் அவளைத் தூக்குவதற்குள் வீட்டு ஆட்களை, அம்மா அப்பாவை இத்தாலியனில் சொல்லி, எண்ணத் தொடங்கிவிடுவாள்: "மாம்மா, பாப்பா, நான், சித்தப்பா." சித்தப்பா இல்லை என்று திருத்தினால் என்னை ஒரு பொய்க்காரியைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள்.

நேற்றும் அந்தக் கதிரையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். பிறகு திரும்ப இறக்கி வைத்தேன்.

இதை வாசிப்பவர்களில் என்னைப் போல வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். கதவு தட்டப்பட்டால் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிவைத்திருக்கிறீர்கள்? வாயை மூடச் சொன்னீர்களா, கதிரை போடச் சொன்னீர்களா? அவள் காப்பகத்துக்குப் போகிறதற்குள் யாராவது எனக்கு எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.