மாராவின் தண்ணீரும் பிரிசில்லாவின் நெல்லியும்

எங்கள் சபையில் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு, கேட்காமலே தூங்குகிறவர்களும் உண்டு. கேட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்தவர் தங்கதுரை ஒருவர்தான்.

பனியன் கம்பெனியில் அவர் அயர்ன் மாஸ்டர். அவர் மனைவி பிரிசில்லா செக்கிங், தைத்த துணியில் பழுது பார்க்கிற வேலை. நான் அங்கே டெய்லர், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு ஒரே சபை. திருப்பூரைத் தாண்டி அவர்களுக்கு அரை ஏக்கர் பூமியும் அதில் ஒரு வீடும் கிணறும் உண்டு. சாயத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அந்தக் கிணறு கெட்டுப்போய் வெகுகாலமாகிறது. தென்னை காய்ந்தது, மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தச் சாயத்தில் முக்கியெடுத்த துணியைத்தான் நாங்கள் தைக்கிறோம், அவர் தேய்க்கிறார். இதில் யாரைத் திட்டுவது? தண்ணீர் மட்டும் நல்லதாகிவிட்டால் கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெங்காயம் நடப் போய்விடுவேன் என்பார் தங்கதுரை. அந்த ஒரு ஆசையில்தான் மனிதர் உயிரோடு இருந்தார்.

அந்தப் பூமியில் பச்சையாக மிஞ்சியது வாசலில் நின்ற நெல்லி மரம் ஒன்றுதான். பிரிசில்லா கல்யாணமாகி வந்த புதிதில் வைத்தது. விலைக்கு வாங்கிய தண்ணீரில் அரிசி கழுவி, அந்தக் கழுநீரை ஊற்றி ஊற்றி வளர்த்தாள். செக்கிங் டேபிளில் அதன் காயைத் தின்னாத பெண் கிடையாது.

"ஏதேன் தோட்டத்து ஜீவ மரத்தைத்தான் ஆண்டவர் காவல் போட்டு வெச்சுட்டாருங்களே. எனக்கு இது போதுமுங்க" என்று சிரிப்பாள். காலை ஜெபமெல்லாம் அதன் அடியில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மரங்களைப் பற்றிப் பேசினார். ஏதேனில் மனுஷன் ஒரு மரத்தால் கெட்டான், சிலுவை என்னும் மரத்தால் மீண்டான். இடையில் மாரா என்ற இடத்துக்கு வந்தார். வனாந்தரத்தில் தாகத்தோடு வந்த ஜனங்களுக்கு அங்கே கிடைத்தது கசப்புத் தண்ணீர். கடவுள் காட்டிய மரத்தை மோசே அதில் போட்டார், தண்ணீர் இனித்தது. அந்த மரமும் சிலுவைக்கு அடையாளம் என்று பாஸ்டர் முடித்தார். தங்கதுரையின் காதில் கடைசி வாக்கியம் ஏறவில்லை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் இனிக்கட்டும் என்று உப்புக் கிணற்றில் நெல்லிக்கட்டை போடுகிற வழக்கம் வேறு உண்டு. மோசேயும் ஊர்க்காரர்களும் ஒரே யோசனையைச் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம்!

மறுநாள் அவர் லீவு போட்டார். பிரிசில்லா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் நெல்லி கிணற்றுக்குள் கிடந்தது. வாசலில் அடிமரம் மட்டும் நின்றது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாளாம். "தண்ணி நல்லாயிட்டாச் சரிங்க" என்றாளாம். அவ்வளவுதான்.

தண்ணீர் நல்லதாகவில்லை. இலை அழுகி நாற்றமும் சேர்ந்துகொண்டது. தங்கதுரை பாஸ்டரிடம் போய் நின்றார். "அது அடையாளந்தானுங்க தங்கதுரை" என்றார் பாஸ்டர். அடையாளமாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அதற்குப் பிறகு தங்கதுரை ஆளே ஒடிந்துபோனார். டீக்கடையில் என்னிடம் சொல்லி அழுதார்: "என்னையத் திட்டி வஞ்சுபோட்டாக்கூடத் தேவலீங்க. ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்கறா. வாசல்ல நிக்கற அந்த அடிக்கட்டையப் பாக்கறப்பவெல்லாம் அவ மனசு என்ன பாடுபடும்?"

போன வாரம் அவர்கள் பூமிக்குப் பக்கத்தில் ஒரு வேலையாகப் போக வேண்டியிருந்தது. கம்பெனி வேனில் இருந்து பிரிசில்லாவோடு நானும் இறங்கினேன். அவள் கையில் ஒரு பாட்டில் தண்ணீர். தினமும் கம்பெனிக் குழாயில் பிடித்துக்கொண்டு போவாள். குடிக்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

"நெல்லி துளுத்துருக்குதுங்கண்ணா" என்றாள் மெதுவாக.

"என்ன அம்மிணி சொல்ற?"

"வேதத்துல சொன்னாப்புல வெட்டுன அடிமரத்துலதானுங்களே ஈசாய் வம்சத்துக்கே துளிர் வந்துச்சு, ஆண்டவரே வந்து பொறந்தாரு. அதை நம்பி தெனமும் தண்ணி ஊத்துனனுங்க. ஆடு கடிக்காம ஓலை போட்டு மூடி வெச்சுருக்கறேன். அவருக்கு இன்னம் சொல்லலீங்க. நாலு இலை விரியட்டும், கையப் புடிச்சுக் கூட்டியாந்து காட்டோணும். மனசு விட்டுப்போயிக் கெடக்கறாருங்கண்ணா."

அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டோம்.

வாசல் மொட்டையாக இருந்தது. அடிமரம் இருந்த இடத்தில் புதுமண் பரப்பி மட்டம் செய்திருந்தது. ஓரத்தில் ஜேசிபி சக்கரத் தடம். தங்கதுரை வேர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். பல நாளைக்கப்புறம் சிரித்தார்.

"நீ பாக்கமாட்டாம ஓலை போட்டு மூடுன கட்டைய வேரோட எடுத்துப்போட்டேன் புள்ள. இனி அது உன்ற கண்ணுல படாது."

பிரிசில்லா அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். துளிர்த்திருந்ததைச் சொல்லிவிடலாமென்று நான் வாயெடுத்தேன். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

அவர் பாட்டிலைக் கவனித்தார். "இதென்ன, தெனமும் தண்ணி தூக்கிட்டு வர்ற? யாருக்கு?"

"உங்களுக்குத்தானுங்க" என்று மூடியைத் திருகி நீட்டினாள். "வெயில்ல வேலை செஞ்சிருக்கறீங்க. குடிங்க."

அவர் அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார்.