பதினொரு குடும்பங்களின் கூரை

சித்திரவேல் படுத்த படுக்கையாகி மூன்று கிழமை ஆனபோதுதான், கூரையை ஒன்றாகப் போட்டது எவ்வளவு பெரிய பிழை என்பது அவன் மனைவி உதயகலாவுக்கு விளங்கியது.

கிழக்குக் கரையின் வேடர் குடும்பங்கள் பதினொன்று சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து, தொண்டைமானாற்றில் ஒதுங்கி, அங்கேயே தங்கிவிட்டன. பெண்கள் கடனீரேரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். ஒரு தொண்டு நிறுவனம் வந்து என்ன வேண்டும் என்று கேட்டது. தையல் மெசினும் வேண்டாம், ஆடும் வேண்டாம், இறாலை அவித்துக் காயவைக்க ஒரு கொட்டகை போதும் என்றார்கள் பெண்கள். காணி உறுதிப் பத்திரம் உதயகலாவிடம் மட்டும் இருந்தது. தகரமும் மரமும் மிச்சம் பிடிக்க அவளுடைய வீட்டுச் சுவரிலேயே தாங்கவைத்து, வீட்டுக்கும் கொட்டகைக்கும் ஒரே கூரையாக இழுத்தார்கள். அந்த யோசனையைச் சொன்னவளும் அவள்தான்.

சாவு விழுந்த கூரையின் கீழ் ஓராண்டுக்கு உணவுப் பொருளைத் தொடுவதில்லை என்பது அந்தக் குடும்பங்களின் முறை. கொட்டகை கட்டிய நாளில் தகரம் தூக்கிக் கொடுத்தவன் சித்திரவேல். ஆள் கருங்கல் மாதிரி இருந்தான். அவன் சாவதைப் பற்றி யார் நினைத்தார்கள்?

ஈரலில் புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். கிழமைக்கு இரண்டு தரம் தாதி ஐரிஸ் மிஸி வந்து, வலிக்கு மருந்து கொடுத்து, முதுகுப் புண்ணைத் துடைத்துவிட்டுப் போனாள்.

பெண்கள் சங்கக் கூட்டம் கொட்டகையிலேயே நடந்தது.

"ஒரு வரியம்தானே அக்கா. பழையபடி பச்சையாக் குடுப்பம்," என்றாள் செயலாளர் நிவேதனா.

"குடுத்துப்போட்டு? திரும்பவும் வியாபாரியின்ரை லொறிக்குப் பின்னாலை நிண்டு பல்லிளிப்பமே?" என்றாள் உதயகலா.

"கூரையை நடுவாலை அறுத்தால் என்ன?" என்று கேட்டாள் வள்ளிப்பிள்ளை.

"அறுத்தால் கொட்டகை ஆரின்ரை தோளிலை நிக்கும்? உன்ரையிலையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். உதயகலாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒருவரும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம், முற்றத்தில் காற்றோட்டமாக ஒரு கொட்டில் போட்டுத் தரட்டோ என்று கணவனிடம் கேட்டாள். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது.

"என்னை வெளியிலை போடாதை, புள்ள. பத்து இடத்திலை படுத்தெழும்பிப்போட்டன். இந்தச் சுவர் நான் வைச்சது. சாகிறதாவது இதுக்குள்ளை சாகிறன்."

"ஓம்," என்றாள்.

இரண்டு நாள் கழித்து வேப்பமரத்தடியில் பெண்கள் ஓலைக் கொட்டில் கட்டினார்கள். கம்பு இறுக்கும் சத்தம் உள்ளே கேட்டது.

"ஆட்டுக்கோ?" என்று கேட்டான்.

"ஓம். ஆட்டுக்குத்தான்."

அவர்களிடம் ஆடு இல்லை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

வியாழன் காலை பேச்சு நின்றது. ஐரிஸ் மிஸி பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், மூச்சின் இடைவெளியை எண்ணினாள்.

"இண்டைக்கு, இல்லாட்டி நாளைக்கு," என்றாள்.

"ஒரு கை பிடியுங்கோ மிஸி. வெளியிலை எடுக்கவேணும்."

"அவர் வேண்டாமெண்டெல்லோ சொன்னவர்?"

"சொன்னவர்தான்."

மிஸி பையைக் கீழே வைத்தாள். பிறகு அவன் படுத்திருந்த துப்பட்டியை எப்படிச் சுருட்டிப் பிடிப்பது என்று காட்டினாள். "தலைமாட்டை நான் பிடிக்கிறன். நீர் கால்மாடு. அவசரப்படாதையும்."

வாசலில் அவனுடைய வலக்கை கதவு நிலையைப் பற்றிக்கொண்டது. கிழமைக்கணக்காகத் தேநீர்க் கோப்பையைத் தூக்க மாட்டாத கை.

"அது நினைவோடை பிடிக்கிறதில்லை. சில பேருக்கு அப்பிடி இழுக்கும்," என்றாள் மிஸி.

உதயகலா கால்மாட்டை நிலத்தில் வைத்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சின்னவிரல்தான் கடைசியாக விட்டது.

பகல் பன்னிரண்டுக்கு முன்னரே, ஓலைக் கொட்டிலுக்குள் மூச்சு நின்றது.

எட்டாம் நாள் சாவுச் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பெண்கள் வந்து கொட்டகையைக் கழுவி அடுப்பு மூட்டினார்கள். அந்தக் கூரையில் சாவு விழவில்லை. முறைக்குப் பழுதில்லை. மாரிக்கால இறால் நன்றாக விழுந்தது. வெயில் கண்ட நாளெல்லாம் பரப்பிக் காயவைத்தார்கள். வியாபாரி தானாகத் தேடி வந்து வாசலில் காத்துநின்றான்.

உதயகலாவும் தினமும் தண்ணீரில் இறங்கினாள். பிடித்த இறாலைப் பறிக்கூடையோடு கொண்டுவந்து, கொட்டகைக் கூரையின் தண்ணீர் விழுகிற கோட்டுக்கு வெளியே மணலில் வைத்துவிட்டு நின்றாள்.

"உள்ளை வாங்கோவன் அக்கா, இருந்து உரிப்பம்," என்று நிவேதனா கூப்பிட்டாள்.

"கால் ஈரமடி. நீங்கள் பாருங்கோ."

அடுத்த நாளும் கால் ஈரம் என்றாள். மாரி போய்ச் சித்திரை வெயிலில் தரை வெடித்த பிறகும் அதையேதான் சொன்னாள். பிறகு அவர்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். பறி மணலில் இருப்பதைக் கண்டால், யாராவது ஒருத்தி எழும்பி வந்து எடுத்துக்கொண்டு போவாள்.