ஆயர் மிதித்துப் பார்த்த தரை

எந்தக் கிறிஸ்தவக் கோயிலைப் பேராலயமாக்கி ஆயருக்குரிய தன் நாற்காலியைப் போடுவது என்று ஆயர் முடிவு செய்யவேண்டியிருந்தது. அவரைப் பினாங்கு முழுக்கக் காரில் அழைத்துப் போனேன். மெலிந்து உயர்ந்த மனிதர். எந்தக் கோயிலிலும் கூரையை நிமிர்ந்து பார்க்கமாட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பீடத்தருகே வெறுங்காலால் தரையை அழுத்திக்கொண்டு நிற்பார்.

கெலுகோர் கோயிலில் கேட்டேவிட்டேன். "தரையில என்னா பாக்குறீங்க பிஷப்?"

"நாற்காலி போடுற கோயில்லதான் தம்பி, ஆயரப் பொதைப்பாங்க. ரெண்டுக்கும் சேத்துதான் எடம் பாக்கணும்."

அடுத்துப் போன கடலோரக் கோயிலில் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். "இதுதான். சில்லுன்னு இருக்கு லா," என்றார்.

"புக்கிட் தெங்கா பக்கம் இன்னும் ரெண்டு கோயில் இருக்கே. நாளைக்குப் பாத்துருவோமா?"

"வேணாம் தம்பி, நேரம் இல்ல."

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேறு வேலையே இல்லை என்பது காரோட்டிய எனக்குத் தெரியும்.