மூன்றாம் ஓலை

வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் ஜெயபாய், உப்புநீரில் நனைத்த பஞ்சால் குமாரதாஸின் முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கருங்கல் பஜாரில் பெரிய கடை வைத்திருந்த மனிதர். இப்போது படுக்கையோடு படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள் என்று வீட்டாரிடம் ஆறு தடவை சொல்லிவிட்டாள். யாரும் திருப்பவில்லை. புண் ஆழமாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு துணி வைத்து ஒட்டினாள்.

கையுறையைக் கழற்றிய பிறகுதான் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள். மகள் ரெனிஷாவின் வகுப்பு டீச்சர் பெமிலா. பிள்ளை பள்ளிக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது, திங்கட்கிழமை வேதியியல் செய்முறைத் தேர்வு, அதை விட்டால் பிளஸ் டூ போச்சு என்றார்.

பிள்ளையை நிறுத்தியது ஜெயபாயின் கணவன் ஞானசிங். துபாயிலிருந்து லீவுக்கு வந்தவன், வந்த வேகத்தில் கல்யாணத்தை நிச்சயித்துவிட்டான். மாப்பிள்ளைக்கு மாதக் கடைசியில் சவூதிக்கு டிக்கெட். பெண்ணுக்குத் தை மாதம்தான் பதினெட்டு முடிந்தது. முடிந்துவிட்டதாம், அது போதுமாம். மாலை பஸ் பள்ளி வாசலில் நிற்பதில்லை என்று போன வருஷம் இதே ரெனிஷா அறுபத்துநாலு பெண்களிடம் கையெழுத்து வாங்கி டிப்போவுக்குப் போய் மனு கொடுத்தாள். பஸ் நின்றது. அந்தப் போட்டோவைத் துபாயில் எல்லாருக்கும் அனுப்பிப் பெருமையடித்தவனும் இவன்தான். பிள்ளை ஊருக்காகப் பேசினால் பெருமை, தனக்காகப் பேசினால் திமிர்.

இரண்டு ஞாயிறு சபைக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் கேட்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணம் உறுதி, அது இந்த ஞாயிறு. அந்த மூன்று ஞாயிறும் பெண் கோயிலுக்கு வரக்கூடாது என்பது அங்கே வழக்கம். வெட்கமாம். ஜெயபாய்க்கு ஓலை வாசித்த நாளில் அவளும் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ரெனிஷா, நாளைக்குத் தானும் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாள். வழக்கமில்லையே என்றாள் ஜெயபாய்.

"கேள்வி என்னைப் பத்தி. நான் வீட்டுல இருந்தா யாருகிட்ட கேக்காவ?"

ஜெயபாய்க்குக் காது சுட்டது. இத்தனை வருஷம் இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பத்தாம் வகுப்போடு தன்னை நிறுத்தியவர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள். நல்ல சேலை ஒன்றை எடுத்து மகளுக்குத் தேய்த்து வைத்தாள்.

மறுநாள் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். போதகர் ஓலையை வாசித்தார், கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் தாளை மடிக்கப் போனார். ரெனிஷா எழுந்தாள். இரண்டு வருஷம் காலைக் கூட்டத்தில் தொள்ளாயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் செய்தி வாசித்த குரல், நடுங்கவில்லை.

"தடை இருக்கு ஐயா. அந்த ஓலையில உள்ள பெண்ணு நான்தான். எனக்குச் சம்மதமில்ல. பரீட்சை எழுதணும்."

பின்வரிசை ஞானபாய், "ஏட்டி, பாட்டு பாடச் சொன்னா இருமுவா, இதுக்கு மட்டும் தொண்டை திறக்கு," என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெயபாய் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. ஓலை நிறுத்தப்பட்டது என்றார் போதகர். ஆராதனை முடிந்ததும், இனிப் பெண்ணை நேரில் கேட்காமல் எந்த ஓலையும் வாசிப்பதில்லை என்று மூப்பர்களிடம் சொன்னார். வெட்கத்தோடுதான் சொன்னார், வெட்கப்பட வேண்டியதுதான்.

சேதி கேட்ட ஞானசிங் வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளினான். எல்லாம் பள்ளிக்கூடம் பண்ணின வேலை என்றான். நாளைக்குப் பள்ளிக்குப் போனால் அம்மையும் மகளும் இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்றான்.

"இது எங்கப்பா எனக்குத் தந்த வீடு," என்றாள் ஜெயபாய். "வெளிய போறது யாருன்னு நீங்களே யோசிங்க."

தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள்.

மறுநாள் காலை ஏழரை பஸ்ஸில் இருவரும் போனார்கள். தலைமையாசிரியை வெள்ளைத் தாளை நீட்டி, விடுப்புக் கடிதம் வேண்டும், காய்ச்சல் என்று எழுதினால் போதும் என்றார். ஜெயபாய் நின்றபடியே எழுதினாள்: 'கல்யாணத்துக்காகப் பதினோரு நாள் வீட்டில் நிறுத்தி வைத்திருந்தோம். அவள் லீவு கேட்கவில்லை. தப்பு எங்களுடையது.' கீழே தன் பெயரைப் போட்டாள். தலைமையாசிரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். அதற்குள் ரெனிஷா ஆய்வகத்துக்குள் போய்விட்டிருந்தாள்.